இவ்வளவு லைட் போட்டும் மேடையில் முகம் ஏன் தட்டையாகத் தெரிகிறது?

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் நாடகம் பழகும் பிள்ளைகள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பார்ப்பவர் கண் எங்கே போக வேண்டும், எதைக் காணக்கூடாது என்று வெளிச்சத்தாலும் இருளாலும் முடிவு செய்வதுதான் மேடை ஒளியமைப்பு. நேர் எதிரிலிருந்து வரும் ஒளி நிழலை ஆளுக்குப் பின்னால் தள்ளிவிடும். நிழல் இல்லாவிட்டால் மூக்கும் கன்னமும் எடுப்பாகத் தெரியாது. உச்சி வெயிலில் ஒரே பச்சையாகக் கிடக்கும் தேயிலை மலை, காலைச் சாய்வெயிலில் நிரை நிரையாக, கான் கானாகத் தெரிகிறதே, அப்படித்தான்.

முகத்துக்கு இரு பக்கமும் 45 பாகை விலக்கி, 45 பாகை உயரத்தில் விளக்கு வையுங்கள். ஒன்று இளமஞ்சள், மற்றது வெளிர்நீலம். யேல் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஸ்டான்லி மெக்கான்ட்லெஸ் 1932இல் எழுதிவைத்த முறை இது. அதற்கும் முன், இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து டோர்ச்சை முகத்தைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பாருங்கள். தாடைக்குக் கீழே வந்ததும் மூக்கின் நிழல் நெற்றிப் பக்கம் ஏறும், தெரிந்த முகமே பயமுறுத்தும்.

கலர் லைட் நிறைய வேண்டும் என்று பலர் நினைப்பது தவறு. முதலில் பழக வேண்டியது திசை.