கடனை மாசாணியம்மனிடம் விட்டுவிடலாமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு சொந்தக்காரருக்குப் பணம் கொடுத்தேன், ஏமாற்றிவிட்டார். கேஸ் எதற்கு, ஆனைமலை மாசாணியம்மன் கோவிலில் மிளகாய் அரைத்துவிட்டு அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று இருந்துவிடலாமா?

பதில்: தாராளமா அரைங்க. ஆனா புரோநோட்டை மறந்துடாதீங்க.

பொள்ளாச்சி வந்து ஆனைமலை பஸ் ஏறணும். செவ்வாய், வெள்ளி, அமாவாசைன்னா கூட்டம் நெரியும். மல்லாந்து படுத்திருக்கிற அம்மனைக் கும்பிட்டுட்டு நீதிக்கல்லுக்குப் போங்க, மிளகாயை அரைச்சுப் பூசற கல்லு அதுதான். வரமிளகாய் ஒரு கைப்பிடி போதும். கிலோக்கணக்கா அரைச்சா சீக்கிரம் நியாயம் கிடைக்கும்னு யாரும் சொல்லலை. தண்ணியில்லாம அரைச்சா நெடி ஏறித் தும்மல்தான் வரும். தண்ணி தெளிச்சுத் தெளிச்சுக் கெட்டியா அரைங்க. தண்ணி கூடினா கல்லுல நிக்காம வழிஞ்சுடும். கையெரிச்சலுக்குத் தண்ணி உதவாது, காரம் எண்ணெயிலதான் கரையும். தேங்காயெண்ணெய் தேய்ச்சுத் துடைச்சுட்டு அப்புறம் சோப்பு போடுங்க. அதுவரைக்கும் கண்ணைத் தொடாதீங்க. காரியம் கைகூடினா திரும்ப வந்து எண்ணெய்க்காப்பு செய்யணும். பலர் மறக்கறது இதைத்தான்.

மூடநம்பிக்கைன்னு சிலர் வருவாங்க, வரட்டும். எரிச்சல் அவங்க மேல இல்லை. 'எதிரியை அழிக்கும் மிளகாய்'னு வீடியோ போடறவங்க மேலதான். இது முறையீடு, செய்வினை இல்லை. ஆத்துல வந்த மாங்காயைத் தின்ன பொண்ணுதான் மாசாணின்னு இங்க சொல்லுவாங்க. குறுந்தொகை 292-லயும் அப்படி ஒரு பொண்ணு வர்றா: 81 யானையும் அவ எடைக்குப் பொன் பாவையும் தர்றோம்னு கெஞ்சியும் நன்னன்ங்கற ராஜா கேக்கலை, காயைத் தின்னதுக்காகக் கொன்னுட்டான். ராஜாவே தப்பு பண்ணினா யார்கிட்ட போறது? அந்த மாதிரி நேரத்துக்குத்தான் இந்தக் கல்லு.

உங்க விஷயம் அப்படியில்லை, கோர்ட்டு இருக்கு. கேட்டதும் தரணும்னு எழுதின நோட்டுக்கு எழுதின தேதியிலிருந்து கேஸ் போட 3 வருஷம்தான். அதுக்குள்ள கொஞ்சம் பணம் வாங்கி, நோட்டோட பின்பக்கம் வரவு எழுதி அவர் கையெழுத்தும் வாங்கிட்டா, அன்னையிலிருந்து மறுபடி 3 வருஷம். கெடு முடிஞ்சப்புறம் வரவு எழுதி ஒண்ணும் ஆகாது. செக்கும் கொடுத்திருந்து அது திரும்பியிருந்தா கெடு இன்னும் குறுகல்: செக் திரும்பினதை பேங்க் சொன்ன நாள்லயிருந்து 30 நாளுக்குள்ள நோட்டீஸ், அது கிடைச்சதும் அவருக்கு 15 நாள், அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள கேஸ். சாமி மேல பாரத்தைப் போட்டாச்சுன்னு இந்தத் தேதிகளை விட்டுட்டு வர்றவங்கதான் அதிகம்.

பஸ் ஏறறதுக்கு முன்னாடி நோட்டுல என்ன தேதி போட்டிருக்குன்னு பாருங்க.