அம்மா போன்லயே நாவல் படிக்கணும், எந்த சைட் நல்லது?

கேள்வி: அம்மாவுக்கு நாவல்னா உயிரு. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் சின்ன எழுத்து சிரமமா இருக்காம். மேலூர்ல இருந்து நத்தம் ரோடு கலைஞர் நூலகத்துக்கு அடிக்கடி கூட்டிட்டுப் போக முடியல. டெலிகிராம்ல வர்ற பிடிஎஃப்ப பெருசு பண்ணா பாதி வரி ஸ்கிரீனுக்கு வெளிய ஓடிருது. நல்ல சைட் சொல்லுங்கக்கா.
- ஒரு வாசகி, மேலூர்

பதில்: அந்த பிடிஎஃப் எல்லாம் பக்கத்தை ஸ்கேன் பண்ணி வச்சது தங்கச்சி, அதான் இழுத்து இழுத்துப் பாக்க வேண்டியிருக்கு. அம்மாவுக்கு வேணுங்கறது டைப் அடிச்ச புக். முதல்ல ப்ராஜெக்ட் மதுரைன்னு தேடிப் பாருங்க. 1998 பொங்கலுக்கு ஆரம்பிச்சது, பேருதான் நம்மூரு, வேலை பாக்குறவங்க உலகம் பூரா இருக்காங்க, பைசா வாங்காம ஒவ்வொரு புக்கா டைப் பண்ணி பிழை திருத்திப் போட்டுருக்காங்க. சங்க இலக்கியத்துல இருந்து கல்கி நாவல் வரைக்கும் கிடைக்குது, படிக்க நாமதான் மிச்சம்!

அடுத்தது ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ். அதுல ஈபப்னு ஒரு ஃபைல் இருக்கும், அதைத்தான் எடுக்கணும். கூகுள் ப்ளே புக்ஸ்ல ஏத்திட்டீங்கன்னா எழுத்தை எவ்வளவு பெருசாக்குனாலும் வரி தானா மடங்கி ஸ்கிரீனுக்குள்ளயே நிக்கும், ராத்திரில பின்னணிய கருப்பாக்கிக்கலாம், கண்ணு வலிச்சா போனையே வாசிக்க விட்டுட்டு அம்மா கேட்டுக்கிட்டே கீரை ஆயலாம் (அந்தக் குரல் கொஞ்சம் மெஷின் மாதிரிதான் இருக்கும், பழகிரும்). விக்கிமூலத்துலயும் டைப் அடிச்ச புக் நிறைய. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் பெரிய கடல், ஆனா பெரும்பாலும் ஸ்கேன், போன்ல வேணாம், கம்ப்யூட்டர் இருந்தா பாருங்க.

இதுல எல்லாம் இப்ப எழுதிட்டு இருக்கவங்க நாவல் அவ்வளவா கிடைக்காது. எழுதினவர் இறந்து 60 வருஷம் ஆகணும், இல்ல கல்கி மாதிரி அரசு நாட்டுடைமை ஆக்கிருக்கணும், இல்ல எழுதினவரே இலவசமா விட்டுருக்கணும், அப்பத்தான் சும்மா போட முடியும். டெலிகிராம்ல சுத்துறதுல பாதி திருட்டு பிடிஎஃப், தமிழ்ல எழுதிப் பொழைக்கிறவங்க வயித்துல அடிக்கிற வேலை அது, அந்த குரூப்ப விட்டு வந்துருங்கன்னுதான் சொல்லுவேன். புது நாவலுக்கு நத்தம் ரோடு வரைக்கும் அலைய வேணாம், உங்க ஊர் கிளை நூலகத்துலயே அம்மா பேர்ல ஒரு கார்டு போடுங்க, வீட்டுக்கே எடுத்துட்டு வரலாம். எழுத்து பெருசா இருக்கற பதிப்பா பாத்து எடுங்க. சிம்மக்கல் பக்கம் வேலையா வந்தா மாவட்ட மைய நூலகத்துலயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க.

ஈபப் ஒருதடவை இறக்கிட்டா நெட் வேணாம். அம்மா கையில குடுக்கும்போது டேட்டாவ ஆஃப் பண்ணிருங்க, இல்லன்னா நடுவுல வாட்ஸப்ல வர்ற குட்மார்னிங்குக்கு பதில் போட உக்காந்துருவாங்க.