தைலமரமும் ஊர்க் கண்மாயும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் அப்பாவின் மூன்று ஏக்கர் தரிசாகக் கிடக்கிறது. தைலமரம் (யூக்கலிப்டஸ்) போட்டால் ஆளே வேண்டாம் என்கிறார்கள். நான் இங்கே சிங்கப்பூரில் வேலையில் இருக்கிறேன். போடலாமா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: முதல் ஆண்டு கட்டாயம் ஆள் வேண்டும். களை எடுக்காவிட்டால் கன்று எழும்பாது. கரையான் வேரைத் தின்றுவிடும். பட்டுப்போன கன்றுகளுக்குப் பதிலாக அந்த மழைக்காலத்துக்குள்ளேயே புதியவற்றை நட வேண்டும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தைப் பார்த்துச் செய்யக்கூடிய வேலையல்ல இது. மூன்று மீட்டருக்கு இரண்டு மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 670 கன்றுகள் பிடிக்கும். காகித ஆலைக்கான குளோன் ரகங்களை (தேர்ந்த தாய்மரத்தின் துண்டிலிருந்து வளர்த்தவை) நான்கைந்து ஆண்டுகளில் வெட்டலாம்.

ஆனால் எனக்கு முதலில் தெரிய வேண்டியது வேறு. உங்கள் நிலத்தில் விழும் மழை எந்தக் கண்மாய்க்குப் போகிறது? தைலமரம் தண்ணீரை வீணாக்கும் மரமன்று. குடித்த நீருக்கு நிறையவே மரம் தரும். சிக்கல் அதன் வேரிலும் இலையிலும் இருக்கிறது. கடலை நான்கு மாதத்தில் அறுவடையாகிவிடும். இதுவோ ஆண்டு முழுவதும் பச்சையாக நின்று, ஆழத்து ஈரத்தையும் இழுக்கும். மழை குறைந்த ஊரில் பெய்த மழை முழுவதையும் அதுவே எடுத்துக்கொண்டால் நிலத்தடிக்கு மிஞ்சுவது ஏது? இதோடு, தோப்பைச் சுற்றி வரப்பை உயர்த்தி, குழி வெட்டி மழைநீரைத் தேக்கினால் கண்மாய்க்கு வரத்தே நின்றுவிடும். புதுக்கோட்டை மக்கள் இத்தனை காலமாகப் போராடுவது இதற்காகத்தான். கர்நாடக அரசு 2017இல் புதிதாக நடுவதற்கே தடை விதித்தது. உங்கள் நிலம் கண்மாயின் நீர்பிடிப்பில் இருந்தால் நடாதீர்கள் என்றுதான் சொல்வேன். முந்திரியோ வேம்போ வைக்கலாம். அந்தக் கண்மாய் நீரில் நாற்று நடுபவர்கள் உங்கள் பங்காளிகள்தானே?

கேள்வி: முதல் வெட்டு முடிந்தது. மறுதாம்பு விடலாமா, அதாவது வெட்டிய கட்டையிலிருந்தே மீண்டும் மரம் வளர்க்கலாமா? (ஈசூன்)

பதில்: விடலாம். அடிக்கட்டையை அரைச் சாண் உயரத்தில், மழைநீர் வழிந்தோடும்படி சற்றுச் சாய்வாக, பட்டை கிழியாமல் வெட்டியிருக்க வேண்டும். ஒரு கட்டையில் பத்துப் பதினைந்து துளிர் வரும். இடுப்பளவு தாண்டியதும் திடமான ஒன்றிரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்துவிடுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் சில கட்டைகள் பட்டுப்போகும். இரண்டு மூன்று மறுதாம்புக்கு மேல் நீட்டிப்பதில் லாபமில்லை.

கேள்வி: இளங்கன்றுகளின் இலைக் காம்பிலும் நடுநரம்பிலும் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. எந்த மருந்து அடிப்பது? (தெம்பனிஸ்)

பதில்: ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மிகச் சிறிய குளவியின் வேலை அது. புழு முடிச்சுக்குள் இருப்பதால் மேலே தெளிக்கும் மருந்து அநேகமாக வீண். தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுப்பதே வழி. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்க நிறுவனத்தில் விசாரியுங்கள். முடிச்சு விழுந்த நாற்றை நாற்றங்காலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் சிங்கப்பூர்க் குடிமகன். வளர்ந்த தோப்பு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (சிராங்கூன்)

பதில்: ஓசிஐ அட்டை (வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டை) இருந்தாலும் இந்தியாவில் விவசாய நிலமோ தோட்டமோ வாங்கப் பொது அனுமதி இல்லை. வாரிசாக வருவதற்குத் தடையில்லை. முன்பணம் கொடுப்பதற்கு முன் வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: பூமலையில் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) வண்ண வண்ணப் பட்டையோடு நிற்பதும் தைலமரமா? (ஜூரோங்)

பதில்: அதே பேரினம்தான், வகை வேறு. பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, பாப்புவா நியூகினி மழைக்காடுகளைச் சேர்ந்தது. பட்டை உரிந்த இடம் முதலில் பச்சையாக இருந்து, பிறகு ஊதா, செம்மஞ்சள் என்று மாறும். நீலகிரித் தைலம் எடுப்பது அதிலிருந்து அல்ல, வேறொரு வகையிலிருந்து. நம் காய்ந்த பூமியில் அதை வைக்க வேண்டாம், ஈரமில்லாமல் தாங்காது.

கேள்வி: தோப்பை அழித்துவிட்டுப் பழையபடி கடலை போட ஆசை. மண் திரும்புமா? (புக்கிட் பாஞ்சாங்)

பதில்: திரும்பும். மனம் தளராதீர்கள். பொக்லைன் வைத்துக் கட்டையை வேரோடு எடுங்கள். விட்டுவைத்தால் மீண்டும் துளிர்க்கும். எண்ணெய் கலந்த சருகு மெதுவாகத்தான் மக்கும். அதனால் முதல் மழைக்குச் சணப்போ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும்போது மடக்கி உழுது, தொழுவுரம் போடுங்கள். அடுத்த ஆண்டு வரகு அல்லது கேழ்வரகு போட்டுப் பாருங்கள். கடலையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.