கொழுவி இழுப்பதா, ஏறி ஓட்டுவதா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு இலங்கையை ஒரு சுற்றுச் சுற்றிவர ஆசை. மன்னார், அநுராதபுரம், திருகோணமலை, மட்டக்களப்பு, அறுகம்பை, கதிர்காமம், நுவரெலியா என்று இரண்டு கிழமைத் திட்டம். மெல்பேணில் இருக்கும் மகன் அனுப்பிய கரவன் படங்களைப் பார்த்த நாளிலிருந்து இவர், வீட்டில் நிற்கிற டபிள் கப் பிக்கப் வாகனத்துக்குப் பின்னால் கொழுவ ஒரு ரெயிலர் வீடு செய்விப்போம் என்று நிற்கிறார். எனக்கோ, பழைய ஹைஏஸ் வான் ஒன்றை வாங்கி உள்ளே கட்டிலும் குசினியும் அடித்து மோட்டர் ஹோம் ஆக்கினால் நல்லது போல இருக்கிறது. எங்கள் வீடு ஒடுங்கிய ஒழுங்கைக்குள். என்னிடமும் லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் ஓட்டிப் பத்து வருசம். யார் சொல்வது சரி?
- ஓய்வுபெற்ற ஆசிரியை, கொக்குவில்

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தில் நான் இரண்டு தரம் வாசித்தது அந்த ஊர்ப் பட்டியலைத்தான். பதினான்கு நாளில் ஏழு ஊர். போகிற வழியையும் கழித்தால் ஒரு ஊரில் இரண்டு இரவு தங்குவதே பெரிய காரியம். இப்படிப் பறக்கிறவர்களுக்கு வான்தான் சரி. இதை அத்தானிடம் காட்டுவதற்கு முன் மிச்சத்தையும் வாசியுங்கள், ஏனென்றால் அவர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது.

ரெயிலர் வீடு என்பது ஒரு இடத்தில் போய் ஒரு கிழமை குந்தியிருக்கிறவர்களுக்கு ஏற்றது. போய்ச் சேர்ந்ததும் கழற்றி, சில்லுக்குக் கட்டை வைத்து, நாலு மூலைக் காலையும் இறக்கி, மட்டம் பார்த்து நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு டபிள் கப் உங்களுக்குச் சும்மா. உப்புவெளியில் தெரிந்தவர் வளவுக்குள் வீட்டை நிறுத்திவிட்டுக் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்கும் கைவீசிப் போய் வரலாம். மோட்டர் ஹோமில் அந்தச் சுகம் இல்லை. அரை இறாத்தல் பாண் வாங்குவதென்றாலும் கேத்திலை இறக்கி, தட்டு முட்டுச் சாமானெல்லாம் கட்டி, முழு வீட்டையும் ஸ்ராட் பண்ண வேண்டும். வான் பழுதாகிக் கராஜில் ஏறினால் உங்கள் கட்டிலும் கராஜில்தான். அதோடு இன்னொரு எஞ்சின், இன்னொரு இன்சூரன்ஸ், வருசா வருசம் இன்னொரு வரி. அத்தான் இதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறார்.

ஆனால் மகன் அனுப்பிய படங்களில் தெரியாத ஒன்று இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் ஊருக்கு ஊர் கரவன் பார்க் உண்டு. கரண்ட் கொழுவலாம், தண்ணீர் பிடிக்கலாம், கக்கூஸ் தொட்டியைக் கொட்டவும் தனி இடம் வைத்திருக்கிறார்கள். இங்கே நீங்கள் இரவில் நிற்கப் போவது கோயில் மடத்து வளவிலோ, ஏதாவது கெஸ்ற் ஹவுஸ் முற்றத்திலோ. அந்த முற்றங்களின் கேட் பத்து மீற்றர் நீள வண்டிலுக்கு அடித்ததில்லை. டபிள் கப் தனியவே 5.3 மீற்றர் வரும், பின்னால் ஒரு நடுத்தர ரெயிலரைக் கொழுவினால் பத்தைத் தாண்டும். பழைய ஹைஏஸில் நீளமான மொடல்கூட 5.4 மீற்றருக்குள் முடிகிறது.

அப்புறம் அந்த ஒழுங்கை. அத்தானுக்கு ரெயிலரோடு பின்னுக்கு எடுத்துப் பழக்கம் உண்டா? எனக்கு உண்டு, அதனால்தான் கேட்கிறேன். பளையில் சித்தப்பாவின் உழவு மெசினில் பெட்டியைக் கொழுவிக்கொண்டு, இதென்ன பெரிய வித்தை என்று பின்னுக்கு எடுத்தேன். பெட்டி இடப்பக்கம் போக வேண்டும் என்றால் ஸ்ரேரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டும், அது திரும்பத் தொடங்கியதும் மெல்ல நேராக்கிப் பின்தொடர வேண்டும், ஒரு நொடி பிந்தினால் பெட்டியும் மெசினும் கத்தரிக்கோல் மாதிரி மடிந்துவிடும். மடிந்தது. கிணற்றுக் கட்டில் ஒரு கல் இன்றைக்கும் இல்லை. பழகினால் வரும், வராது என்று சொல்லவில்லை. ஆனால் கொக்குவில் ஒழுங்கைக்குள், இரண்டு பக்கமும் மதில், பின்னால் ஒரு ஓட்டோக்காரர் கோன் அடித்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் பழகுகிற பாடம் இல்லை அது.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். அறுகம்பையிலிருந்து மொனராகலை பக்கமாகக் கதிர்காமம் போகிறவர்கள் புத்தல வீதியால் போவார்கள். அந்த வீதியில் யானைகள் வாகனத்தை மறித்துச் சாப்பாடு கேட்டு நிற்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. யானை முன்னால் நின்றால் செய்யக்கூடியது ஒன்றுதான், சத்தம் போடாமல் பின்னுக்கு எடுப்பது. ரெயிலரோடு அதைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்! எதைக் கொண்டுபோனாலும் அந்த வீதியைப் பகலில் கடந்துவிடுங்கள், ஹபரணைப் பக்கமும் அப்படித்தான்.

பாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ரெயிலர் விபத்துகளில் பாதிக் கதை அதில்தான். மாட்டு வண்டில் ஓட்டிய எங்கள் அப்புமார் முன்பாரம், பின்பாரம் என்று பார்த்துப் பார்த்துத்தான் மூட்டை அடுக்குவார்கள். ரெயிலருக்கும் அதே சட்டம். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கோ கொஞ்சம் கூடவோ கொழுவியின் மேல் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் 70, 80 வேகத்தில் ரெயிலர் வாலை ஆட்டத் தொடங்கும், ஏ9 வீதியில் ஒரு பெரிய பஸ் உரசிக்கொண்டு முந்தினால் போதும். அந்த நேரத்தில் பயந்து பிரேக்கை அமத்தினால் இன்னும் மோசமாகும், அக்சிலரேற்றரில் இருந்து காலை எடுத்து ஸ்ரேரிங்கை நேரே பிடிக்க வேண்டும்.

நம்மூரில் செய்விக்கிற ரெயிலர் பாரமாகத்தான் வரும். எங்கள் ஆட்கள் ஒரு கேட் அடித்தாலே யானை இடித்தாலும் தாங்க வேண்டும் என்றுதான் அடிப்பார்கள், ரெயிலரையும் அந்த மனதோடுதான் ஒட்டுவார்கள். இரும்புச் சட்டம், பலகை, மெத்தை, அதற்குள் நூறு லீற்றர் தண்ணீர் என்றால் தண்ணீர் மட்டும் நூறு கிலோ. சாதாரண கார் லைசென்சோடு இழுக்கக்கூடிய ரெயிலரின் பாரத்துக்கு ஒரு எல்லை உண்டு என்பதையும், ரெயிலருக்குத் தனிப் பதிவு வேண்டும் என்பதையும் அத்தான் யோசித்தாரோ தெரியாது. டபிள் கப்பின் கையேட்டில் பிரேக் உள்ள ரெயிலருக்கு ஒரு எண்ணும், பிரேக் இல்லாததற்கு அதைவிடச் சின்ன எண்ணும் இருக்கும், அதைப் பாருங்கள். தனிப் பிரேக் இல்லாத வீட்டைக் கட்டிக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வளைவுகளால் இறங்குவதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது.

சரி, வான் என்று முடிவெடுத்தால் அதிலும் ஏமாறக்கூடாது. 2020 இலிருந்து சுமார் ஐந்து வருசம் வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்ததால் பழைய வானெல்லாம் தங்க விலைக்குப் போனது, இறக்குமதி திறந்த பிறகும் கேட்கிற விலைகள் இறங்கியபாடில்லை. ஆகவே நிதானமாகத் தேடுங்கள். கடலோரத்தில் ஓடிய வான் என்றால் அடியில் படுத்துச் சசியை, அதாவது அடிச்சட்டத்தை, தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், உப்புக்காற்று மேல் பெயின்ற்றில் தெரியாது. ரயரின் பூவைப் பார்ப்பது மட்டும் போதாது. பக்கத்தில் குத்தியிருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு கிழமையையும் கடைசி இரண்டு வருசத்தையும் சொல்லும், பூ அழியாத ரயரும் ஆறேழு வருசத்தில் வெடித்துப் போகும். கூரை உயர்ந்த வானாகப் பாருங்கள். குனிந்த முதுகோடு இரண்டு கிழமை தோசை சுட முடியாது. ரோசா பஸ் ஒன்று மலிவாக இருக்கிறது என்று யாராவது வருவார்கள், வேண்டாம், ஏழு மீற்றர் நீளத்தோடு உங்கள் ஒழுங்கையில் திரும்ப ஏலாது. உள்ளே வேலை தொடங்க முன்னமே யாழ்ப்பாணத்து மோட்டர் போக்குவரத்துத் திணைக்களக் கிளையில், சீற் கழற்றிக் கட்டில் அடிப்பதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் வாங்குங்கள்.

ஏசி ஆசையை விட்டுவிடுங்கள். 12 வோல்ற், 100 அம்பியர்-மணி (Ah) பற்றறி ஒன்று முழுதாக நிறைந்தாலும் அதில் இருப்பது 1.2 யூனிற். சின்ன ஏசி ஒன்று அதை ஒன்றரை மணித்தியாலத்தில் குடித்து முடிக்கும். 30 வாற் மின்விசிறி எட்டு மணித்தியாலம் சுற்றினாலும் கால் யூனிற்தான். இரண்டு பக்கமும் நுளம்பு வலை போட்ட ஜன்னல், மேலே ஒரு காற்றுப்போக்கி, இரண்டு விசிறி, போதும். காஸ் சிலிண்டரில் ஐந்து கிலோவுக்கு மேல் எடுக்காதீர்கள், நித்திரைக்குப் போக முன் அடைத்துவிடுங்கள். சமையல் காஸ் காற்றை விடப் பாரம், கசிந்தால் தரையோடு தேங்கும், அதனால் சிலிண்டர் நிற்கிற பெட்டியின் அடியில் வெளியே போக ஓட்டை இருக்க வேண்டும்.

கக்கூஸ் விசயத்தில் நான் கொஞ்சம் கறார். கழற்றிக் கொட்டுகிற இருபது லீற்றர் தொட்டி இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாளில் நிறையும், பிறகு எங்கே கொட்டுவீர்கள்? இரவு அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, தங்குகிற இடத்தைக் கக்கூஸும் குளிக்கிற கிணறும் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

அத்தான் விடாப்பிடியாக நின்றால் ஒரு வழி இருக்கிறது. தெரிந்த கமக்காரரிடம் ஒரு லாண்ட்மாஸ்ரரை (இரண்டு சில்லு உழவு மெசின்) பெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி, உங்கள் ஒழுங்கையால் பின்னுக்கு எடுத்து வளவுக்குள் விடச் சொல்லுங்கள். மூன்று தரத்தில் விட்டாரென்றால் நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ரெயிலருக்கு அச்சாரம் கொடுக்கலாம். அப்படியானால் பயணத்தையும் மாற்றுங்கள்: மலைநாட்டை விட்டுவிட்டுத் திருகோணமலையில் ஒரு கிழமை, மட்டக்களப்பில் ஒரு கிழமை. எப்படியோ செப்டெம்பருக்குள் கிழக்கை முடித்துவிடுங்கள், ஒக்ரோபர் பிற்பகுதியில் வாடை மழை பிடித்துவிடும்.

கடிதத்தின் கடைசியில், ஏதோ தேவையில்லாத விசயம் போல உங்கள் லைசென்ஸைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விசயமாகப் பட்டது. அறுகம்பையில் அத்தானுக்குக் காய்ச்சல் வந்தால் ரெயிலரை நீங்கள் இழுத்துக்கொண்டு வரமாட்டீர்கள், வானை ஓட்டிக்கொண்டு வருவீர்கள். லைசென்ஸ் காலாவதியாகிவிட்டதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். வான் வந்ததும், கட்டில் அடிக்கக் கொடுக்க முதலே, விடிய ஐந்தரைக்கு றோட்டில் சனம் இல்லாத நேரத்தில் கொக்குவிலில் இருந்து மானிப்பாய்வரை ஓட்டிப் போய்த் திரும்பி வாருங்கள், பத்து நாளைக்கு. அத்தான் பக்கத்து சீற்றில் இருக்கட்டும், வாயைத் திறக்காமல்.