கடற்காற்றில் நிற்க வேண்டிய செடிப் பெயர்ப்பலகை

கேள்வி: தேவனாம்பட்டினத்தில் கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் எங்கள் பூர்வீகத் தோட்டம் இருக்கிறது. மரம், செடி, மூலிகை எல்லாம் சேர்த்து அறுபது வகைகள் உள்ளன. பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பதால் ஃபோம் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிப் பெயர் வைத்தேன். ஒரே கோடையில் எழுத்து வெளிறிவிட்டது; நட்டுவைத்த இரும்புக் கம்பிகளும் துருப்பிடித்துவிட்டன. இனிப் பொறித்த பலகைகளே வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்தப் பொருளில் செய்வது, என்ன எழுதுவது, எப்படிப் பொருத்துவது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கடலூர்)

பதில்: பொறித்த எழுத்தை அழித்துத் திருத்த முடியாது. ஆகவே பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால், அறுபது பெயர்களும் சரிதானா என்று பார்த்துவிடுங்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலும் அலுவலக வளாகங்களிலும் அசோக மரம் என்று சொல்லி வரிசையாக நட்டிருக்கும் ஒல்லியான உயர்ந்த மரம் நெட்டிலிங்கம். ஆரஞ்சு நிறத்தில் கொத்துக் கொத்தாகப் பூக்கும் அசோகு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கற்பூரவல்லி என்று எழுதினால் ஒருவர் மூலிகையை நினைப்பார், இன்னொருவர் வாழைப்பழத்தை நினைப்பார். அங்கே ஓமவல்லி என்ற பெயரையும் சேர்த்துப் பொறிப்பதே நல்லது. திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த பாதிரி மரத்துக்கே நூல்களில் ஒன்றுக்கு மேற்பட்ட தாவரவியல் பெயர்கள் மாறி மாறி வருகின்றன. துளசிக்குப் பழைய நூல்களில் உள்ள ஓசிமம் சாங்டம் என்ற பெயரின் இடத்தில் இப்போது ஓசிமம் டெனுயிஃபுளோரம் என்றும், ஆவாரைக்குக் காசியா என்பதன் இடத்தில் சென்னா என்றும் எழுதுகிறார்கள்.

ஐயம் உள்ள செடிகளில் பூவோ காயோ உள்ள கிளையை ஒடித்து, செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து வையுங்கள். 1955-இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் உலர்தாவரத் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறை இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு காட்டுங்கள். பூ இல்லாத இலையை மட்டும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பிவிட்டுப் பெயர் கேட்பது, பாதி மனுவைக் கொடுத்துவிட்டு முழு உத்தரவை எதிர்பார்ப்பது போலத்தான்.

பலகையில் முதல் வரி தமிழ்ப் பெயராகவும், அதன் கீழ் ரோமன் எழுத்தில் தாவரவியல் பெயராகவும் இருக்கட்டும். அதில் முதற்சொல்லாகிய பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியதாகவும், இரண்டாம் சொல்லாகிய சிற்றினம் முழுவதும் சிறிய எழுத்திலும், இரண்டும் சாய்வெழுத்திலும் வர வேண்டும். மூன்றாவது வரியில் குடும்பப் பெயரையோ தாயகத்தையோ தரலாம். புதுச்சேரியின் அரசு மலராகிய நாகலிங்கப் பூவின் மரம் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது என்று ஒரு வரி இருந்தால் பிள்ளைகள் நின்று படிப்பார்கள். மருத்துவப் பயனைப் பொறிக்க வேண்டாம் என்பது என் கருத்து. பலகையைப் பார்த்துவிட்டு இலையைப் பறித்து வாயில் போடும் பிள்ளைகள் உண்டு. மாறாக, பால் பட்டால் கண்ணுக்குக் கேடு தரும் தில்லை போன்ற மரம் உங்களிடம் இருந்தால், அந்த எச்சரிக்கையைக் கட்டாயம் பொறியுங்கள்.

எழுத்தின் அளவைப் பாதையிலிருந்து பலகை நிற்கும் தொலைவே தீர்மானிக்கிறது. மூன்று மீட்டர் தொலைவிலிருந்து எளிதாகப் படிக்க ஏறத்தாழ 25 மி.மீ. உயரமுள்ள எழுத்து வேண்டும் என்பது பலகைத் தொழிலில் பழகிய கணக்கு. ஒரு மீட்டரில் நின்று படிக்கும் மூலிகைப் பாத்திக்கு 8 முதல் 10 மி.மீ. போதும். தமிழில் இன்னொரு கவலையும் உண்டு: ண, ணை, ழு போன்ற எழுத்துகளின் சுழிகள் சிறிய அளவில் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போகும். எனவே கோடு தடிமனாக இல்லாத, சுழி திறந்திருக்கும் எழுத்துருவைக் கேளுங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து கொடுத்த பெயரைக் கடைக்காரர் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். ஆகையால் பொறிப்பதற்கு முன் உண்மையான அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்து, ஒவ்வொன்றையும் நீங்களே படித்துக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆசிரியராக இருந்தவருக்கு விடைத்தாள் திருத்துவதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். மூலிகைகளுக்கும் இடம் மாறக்கூடிய செடிகளுக்கும் இரண்டு நிற அடுக்குள்ள பொறிப்பு அக்ரிலிக் தகடு போதும். மேலடுக்கைச் செதுக்கியதும் கீழடுக்கின் நிறம் எழுத்தாகத் தெரிவதால், அழிவதற்கு அங்கே சாயமே இல்லை. வெளிப்புற வெயிலுக்கு உரிய தரம்தானா என்று கேட்டு, கரும்பச்சை அல்லது கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக, பளபளப்பில்லாத மேற்பரப்பில் வாங்குங்கள். அக்ரிலிக் வெயிலில் விரியும். துளையைத் திருகாணியைவிட ஒரு மி.மீ. பெரிதாகப் போட்டு, அளவோடு முடுக்க வேண்டும். இறுக்கி முடுக்கிய மூலைகளிலிருந்துதான் விரிசல் தொடங்கும்.

பெரிய மரங்களுக்கு எவர்சில்வர் தகடு வேண்டும் என்றால், கடலோரத்துக்கு 316 தரம்தான். அதில் உள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் என்ற உலோகம் உப்புக்காற்றைத் தாங்க உதவுகிறது. வழக்கமாகக் கிடைக்கும் 304 தரத்தில் தேநீர்க் கறை போன்ற பழுப்புத் திட்டுகள் படரும். காந்தத்தை வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பில்லில் தரத்தை எழுதி வாங்குங்கள். லேசரால் கறுப்பாகச் சுட்ட எழுத்து ஆழமில்லாதது. எஃகின் காப்புப் படலம் அந்த இடத்தில் கெட்டு, எழுத்தின் மேலேயே துரு அரும்பக்கூடும். அமிலத்தால் அரித்துப் பள்ளமாக்கி வண்ணம் நிரப்பிய எழுத்தே மேல். பித்தளை அழகுதான், ஆனால் களிம்பேறும். எடைக்குப் போட ஆள் தேடி வருவார்கள். என்னைக் கேட்டால், தோட்டத்தின் நாலைந்து மூத்த மரங்களுக்குக் கறுப்பு கிரானைட்டில் வெட்டி, தரையோடு சாய்த்துப் பதிப்பதையே சொல்வேன். ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுகளை இன்றும் படிக்கும் நாட்டில் இதற்கு வேறு சான்று வேண்டாம். வண்ணம் போனாலும் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம்.

இவ்வளவு பார்த்துச் செய்த பலகைகளும் பெரும்பாலும் கெடுவது அவற்றைப் பிடித்திருக்கும் திருகாணியில்தான். ஒரு தோட்டத்தில் நல்ல எஃகுத் தகடுகளைச் சாதாரண இரும்புத் திருகாணியால் பொருத்த நானே ஒப்புக்கொண்டேன். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் ஒவ்வொரு துளையிலிருந்தும் துருநீர் ஒழுகி, எழுத்தின் மேல் பழுப்புக் கோடு விழுந்திருந்தது. தகடு எந்தத் தரமோ திருகாணியும் அதே தரமாக இருக்கட்டும். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகாணியைப் போட்டால், இடையில் நைலான் வாஷர் வைக்காவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். பசை கொண்டு ஒட்டுவதானால் வினிகர் நெடி அடிக்கும் சிலிக்கோன் வேண்டாம். உலோகத்துக்கும் கல்லுக்கும் அந்த நெடி இல்லாத நடுநிலை (நியூட்ரல்) வகை சிலிக்கோனே ஏற்றது.

மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். தண்டு பருக்கும்போது அது பலகையையே விழுங்கிவிடும். காயத்தின் வழியே பூஞ்சை நுழையும். தென்னையில் இது இன்னும் ஆபத்து. சிவப்புக் கூன்வண்டு காயம்பட்ட இடங்களைத் தேடித்தான் முட்டையிடுகிறது. கம்பியை இறுக்கிக் கட்டுவதும் கூடாது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது பட்டையை வெட்டிக்கொண்டு உள்ளே இறங்கும். தரையில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை (ஜி.ஐ. குழாய்) நட்டு, அதன் தலையில் 30 முதல் 45 பாகை சாய்வில் பலகையைப் பொருத்துவதே பாதுகாப்பான வழி. சாய்வு இருந்தால் நீர் தேங்காது, குனியாமலும் படிக்கலாம். உங்கள் பகுதியின் மணலில் குழாய் ஒன்றரை அடியாவது இறங்க வேண்டும். கான்கிரீட் போடுவதானால் அடிமரத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, தடிமனான வேர் தட்டுப்பட்டால் குழியை இடம் மாற்றிப் போடுங்கள்.

2011 டிசம்பரில் தானே புயல் கடந்த பிறகு, மரம் சாய்ந்து பெயர் மட்டும் நின்ற தோட்டங்கள் உண்டு. அதனால் பலகையைக் குழாயோடு பற்றவைக்காமல், கழற்றி மாட்டும்படி இரண்டு திருகாணியில் நிறுத்துங்கள். பின்புறம் ஓர் எண்ணைப் பொறித்து, அதே எண்ணில் ஒரு நோட்டில் செடியின் பெயர், நட்ட ஆண்டு, இடம் ஆகியவற்றை எழுதிவையுங்கள்.

முதலில் ஐந்து பலகைகளை மட்டும் செய்யச் சொல்லி, ஒரு கோடையும் ஒரு வடகிழக்குப் பருவமழையும் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுங்கள். அதுவரை மீதிச் செடிகளுக்குக் காகிதத்தில் எழுதி லேமினேட் செய்தது போதும்; பெயர்த் திருத்தங்களும் அதற்குள் வந்துசேரும். பலகைகளை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரும் மென்மையான துணியும் கொண்டு துடையுங்கள். அக்ரிலிக்கில் ஸ்பிரிட் படவே கூடாது, மயிரிழை விரிசல் விழும். வெட்டவெளியில் இருப்பவற்றை மழை கழுவிவிடும், ஆனால் அடர்ந்த கிளைகளுக்கு அடியில் இருப்பவற்றில் உப்பு படிந்தபடியே கிடக்கும். துடைப்பதை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.