டெரோசர் என்பது பறக்கும் டைனோசர்தானே? வௌவாலைப் போலத்தான் வாழ்ந்ததா?

பிள்ளையின் செயற்றிட்டத்துக்குக் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. டைனோசர் இல்லை, அதற்கு நெருங்கிய சொந்தமான பறக்கும் ஊர்வன, ஆனால் தனிக் கிளை. பறவைகள் வந்தது டைனோசரிலிருந்து, இதிலிருந்து அல்ல. வௌவாலும் இல்லை. வௌவாலின் சிறகை நான்கு விரல்கள் தாங்கும். இதற்கு நீண்டு வளர்ந்த நான்காம் விரல் ஒன்றுதான்.

எனக்கு இதில் ஒரு கோபம் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். அக்காவின் மகள் கண்காட்சி ஒன்றுக்கு டெரோசர் செய்தாள். எலும்புக்கு மூங்கில், சிறகுக்குக் கிழிந்த குடைச்சீலை, உடம்பெல்லாம் இலவம்பஞ்சு. சிறகுத்தோலுக்குள் விறைப்பான நார்கள் ஓடினவாம், சேட் கொலருக்குள் நாங்கள் கன்வஸ் வைப்பதுபோல. சீலைக்குள் நைலோன் நூல் ஓட்டிக் கொடுத்தது நான். சிறகை மடித்து நான்கு காலில் நிறுத்தினாள்.

நடுவர் பஞ்சைக் கிள்ளிப் பார்த்தார். "ஊர்வனவுக்கு எங்கை பிள்ளை உரோமம்? நாலு காலிலை வேறை நிக்குது?"

"கல்லிலையே பதிஞ்சு கிடக்கு, சேர்."

அவர் கேட்கவில்லை. பரிசு எரிமலைக்குப் போனது. அப்பச்சோடாவும் வினாகிரியும், வருடா வருடம் அதே எரிமலை.

ஆசிரியர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நான் விலங்கியல் படித்தவனில்லை. ஆனால் உரோமம் போன்ற இழைகளும் நான்குகால் தடங்களும் பாறையில் கிடைத்தது உண்மை. 1971இல் டெக்சாஸில் கண்டெடுத்த குவெட்சால்கோட்லஸ் என்ற டெரோசர் சிறகை விரித்தால் 10 மீட்டர் வரும். அவ்வளவு பெரியது முன்னங்கால்களால் உந்தித்தான் எழும்பியிருக்கும் என்கிறார்கள். நிலத்தில் நடந்து சிறு பிராணிகளைக் கொத்தித் தின்றிருக்குமாம். ஆர்ஜென்டினாவின் டெரோடோஸ்ட்ரோ என்ற இன்னொரு டெரோசருக்குக் கீழ்த்தாடையில் ஏறக்குறைய ஆயிரம் மெல்லிய பற்கள். மன்னாருக்கு வரும் பூநாரை மாதிரி நீரை வடித்துச் சாப்பிட்டது. எல்லாம் ஒரே மாதிரி வாழவில்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

வன்னியில் எலும்பு கிடைக்குமா என்று கீழே வந்து கேட்காதீர்கள். எங்கள் அடிப்பாறை பெரும்பாலும் டெரோசருக்கும் மூத்தது. வடக்கே உள்ள சுண்ணக்கல்லோ அவை 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்து, அதற்கும் வெகுகாலம் கழித்துப் படிந்தது.

அப்புறம், கண்காட்சியிலிருந்து திரும்பி வரும்போது பஸ் கொண்டக்டர் டெரோசருக்கும் அரை ரிக்கற் போட்டார். மிச்சக் காசும் தரவில்லை. பின்னேரத்தில் எங்கள் ரோட்டுக்கு வேறு பஸ் இல்லை, அந்தத் துணிவுதான் அவருக்கு.