கல்யாணத்தன்று இருந்த நிறை

அன்புள்ள அக்கா,

உங்கள் பதில்களைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். இதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு 41 வயது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். கொள்ளுப்பிட்டியில் கணக்கு வேலை. உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம், நிறை 104 கிலோ. போன மாதம் முழங்கால் நோவுக்காக ஒரு கிளினிக்குக்குப் போனேன். நிறை பார்த்த பிள்ளை எண்ணைச் சத்தமாகச் சொன்னதும் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வெறும் வயிற்றுச் சீனி 118. “நிறையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் சீனி வருத்தம் வரும்” என்று டொக்டர் சொன்னார். அவ்வளவுதான்.

அன்று இரவே ஒரு தாளில் 54 என்று எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். கல்யாணத்தன்று நான் 54 கிலோ. அடுத்த வருடம் இதே மாதத்துக்குள் அந்த நிறைக்கு வர வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் தம்பியின் கல்யாணத்துக்காகச் சோற்றை முற்றாக விட்டு இரண்டரை மாதத்தில் 13 கிலோ மெலிந்தேன். ஒரு வருடத்துக்குள் 17 கிலோ திரும்பி வந்துவிட்டது. இந்த முறையும் சோற்றை விட்டிருக்கிறேன். “இது எங்கட பரம்பரை உடம்பு, என்ன செய்தாலும் மெலியாது” என்கிறார் அம்மா. அவர் சொல்வது சரியா? என் இலக்கு பிழையா?

ஒரு வாசகி, வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கச்சி,

இலக்கு பிழை. மெலிய நினைத்தது பிழையில்லை.

அந்தக் கிளினிக்கில் நடந்தது எனக்குக் கோபத்தைத் தருகிறது. ஒருவருடைய நிறை அவருக்கும் டொக்டருக்கும் இடையில் இருக்க வேண்டிய விஷயம். அப்படியொரு வரிசையில் 2015இல் நானும் நின்றிருக்கிறேன், 101 கிலோவோடு. அன்று இரவு நானும் ஒரு எண்ணை எழுதினேன். அதனால் உங்கள் தாளில் உள்ள 54 எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்று எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது என் நிறை 79க்கும் 81க்கும் இடையில் நிற்கிறது. இங்கே வந்து சேர எனக்கு ஆறு வருடம் பிடித்தது.

நீங்கள் கணக்கு வேலை பார்க்கிறவர், கணக்கிலேயே தொடங்குவோம். 104இலிருந்து 54 என்றால் 50 கிலோ. வருடத்துக்கு 52 கிழமை. ஒரு கிழமைகூடத் தவறாமல் கிழமைக்கு ஏறக்குறைய ஒரு கிலோ குறைய வேண்டும். வைத்தியர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு கிழமைக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை. அந்த அளவின் உச்சியிலேயே நீங்கள் ஒரு வருடம் முழுக்க நிற்க வேண்டும். காய்ச்சல் வரக் கூடாது, கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் இரவு எட்டு மணிவரை ஒபிஸில் இருக்கக் கூடாது, ஒரு கல்யாண வீட்டுக்கும் போகக் கூடாது. போதாததற்கு, மெலிய மெலிய உடம்புக்குத் தேவையான சக்தியும் குறைந்துகொண்டே போகும். முதல் மாதம் ஒரு கிலோ குறைந்த அதே சாப்பாட்டில் பத்தாம் மாதம் ஒரு கிலோ குறையாது.

மெலிவதற்கென்று இப்போது எல்லோரும் பேசுகிற செமாகுளூட்டைட் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வெளியான பெரிய ஆய்வில், அதை 68 கிழமை போட்டவர்கள் சராசரியாக 15 சதவீதம் மெலிந்தார்கள். உங்கள் உடம்புக்கு அது 15, 16 கிலோ. நீங்களோ ஊசி இல்லாமல், அதைவிடக் குறைந்த காலத்தில் 48 சதவீதம் வேண்டும் என்கிறீர்கள். ஊசியை நிறுத்திய பிறகு ஒரு வருடத்தில், மெலிந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததையும் பின்னர் பார்த்தார்கள்.

இந்தத் திரும்பி வருவதைப் பற்றித்தான் உங்களோடு அதிகம் பேச வேண்டும். அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் 30 கிழமையில் சராசரியாக 58 கிலோ மெலிந்த 14 பேரை, ஆறு வருடம் கழித்துக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். முடிவு 2016இல் வந்தது. சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்களுடைய உடம்பு செலவழித்த சக்தியும், அந்த நிறைக்கு எதிர்பார்க்கக் கூடியதைவிட நாளுக்கு 500 கலோரி அளவில் குறைவாகவே இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகும்! தம்பியின் கல்யாணத்துக்குப் பிறகு வந்த 17 கிலோவை உங்களுடைய மனவுறுதிக் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அது தெரிகிறது. தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம். பட்டினி கிடந்த உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். தவிர, அன்று போன 13 கிலோவில் முதல் சில கிலோ வெறும் தண்ணீர். சோற்றை விட்டதும் ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த மாப்பொருள் தீர்கிறது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் கூடவே போகிறது. மறுபடி சோறு சாப்பிட்ட கிழமையே அது வந்துவிடும். இந்த முறையும் முதல் கிழமையில் இரண்டு மூன்று கிலோ குறைந்திருக்கும். அதைப் பார்த்து வருடக் கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

சரி, 54 இல்லையென்றால் எது? கிளினிக் சுவரில் தொங்கும் அட்டவணையும் உங்களுக்கு உதவாது. ஆசியர்களுக்கு, நிறையை உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் உடற்திணிவுச் சுட்டெண் (BMI) 23ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பார்கள். உங்கள் உயரத்துக்கு அது 57 கிலோ. இதுவரை நிறை கூடாத ஒருவர் அந்த அட்டவணையைப் பார்த்துக் கவனமாக இருக்கலாம். 104இல் நிற்கிறவர் எந்த வழியால் இறங்குவது என்று அதில் எழுதியில்லை.

தாளில் 97 என்று எழுதுங்கள்.

ஏமாற்றமாக இருக்கும், தெரியும். ஏழு கிலோ குறைந்தால் ஆட்கள் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் உங்கள் இரத்தம் கவனிக்கும். 118 என்பது இன்னும் சீனி வருத்தம் இல்லை, அதன் வாசற்படி. 100இலிருந்து 125 வரை அந்தப் படிதான். சீனி இப்படி எல்லையில் நின்ற 3,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. 2002இல் முடிவு வெளியானது. அதில் ஒரு குழுவுக்குக் கொடுத்த இலக்கு 7 சதவீதம் மெலிவது, கிழமைக்கு 150 நிமிடம் நடப்பது, இவ்வளவுதான். ஏறக்குறைய மூன்று வருடத்தில், மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்த குழுவைவிட அந்தக் குழுவில் சீனி வருத்தம் 58 சதவீதம் குறைவாக வந்தது. 104இல் 7 சதவீதம் என்றால் ஏழு கிலோதான். முழங்கால் கணக்கு இன்னும் நல்லது. முழங்கால் தேய்ந்த, நிறை கூடியவர்களை நடக்கவிட்டு அளந்ததில், ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைவதாகக் கண்டார்கள். ஏழு கிலோவுக்கு 28 கிலோ. எனக்கு அது ஒருநாள் பின்னேரம் தெரிந்தது. மரக்கறிப் பையோடு இரண்டாம் மாடி வளைவுவரை வந்து, வழக்கமாகக் கைபிடியைப் பிடித்து நிற்கிற இடத்தில் நிற்காமல் போய்விட்டேன். மேலே போய்க் கதவைத் திறக்கும்போதுதான் அது உறைத்தது. கதவடியில் நின்று அழுதேன்.

97க்கு ஆறு மாதம் எடுங்கள். கிழமைக்கு 300 கிராமுக்கும் குறைவு. பிறகு இறங்குவதை நிறுத்திவிட்டு, நான்கைந்து மாதம் 97இலேயே நில்லுங்கள். இந்த நிற்கும் மாதங்களை ஒருவரும் இலக்கில் எழுதுவதில்லை. நானும் முதல் இரண்டு முறை எழுதவில்லை. இரண்டு முறையும் எல்லாம் திரும்பி வந்தது. நிற்பது தனி வேலை, அதைப் பழக வேண்டும். கொழும்பில் அதற்கென்றே ஒரு காலம் இருக்கிறது. தீபாவளியில் தொடங்கினால் நத்தார் கேக், தைப்பொங்கல், தை மாதக் கல்யாணங்கள், சித்திரைப் புத்தாண்டுப் பலகாரம், பெருநாளுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வருகிற புரியாணி, வட்டிலப்பம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்த மாதங்களில் மெலிய முயன்றால் ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் தோற்றதாகவே உணர்வீர்கள். நிறை கூடாமல் இருப்பதுதான் அந்த மாதங்களின் இலக்கு என்றால், வட்டிலப்பத்தில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வரலாம்.

இரண்டாம் வருடம் 91 அல்லது 90. மூன்றாம் வருடம் 85ஐப் பார்க்கலாம். அதற்குப் பிறகு இப்போது பேச வேண்டாம். 70களில் ஒருநாள் நிற்பீர்களோ, 85இலேயே நிற்பீர்களோ, உங்கள் உடம்பு சொல்லட்டும். 54 ஒருபோதும் வராமல் போகலாம். இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 85இல் பல வருடம் நிற்கிற ஒரு பெண், 54ஐ நோக்கி ஓடி 110இல் முடிகிற ஒரு பெண்ணைவிட எவ்வளவோ சுகமாக இருப்பாள்.

இனிச் சாப்பாடு. கிழமைக்கு 300 கிராம் என்பது, காகிதக் கணக்கில், நாளுக்கு 300 கலோரி அளவு குறைப்பது. அதற்குச் சோற்றை முற்றாக விட வேண்டியதில்லை, தங்கச்சி. இன்று இரவே இரண்டு அகப்பைச் சோறு போட்டுச் சாப்பிடுங்கள். ஒபிஸில் நாளுக்கு நான்கு தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் மூன்று தேக்கரண்டி சீனி என்று வையுங்கள். 50 கிராம் சீனி, 200 கலோரி. பின்னேரம் கண்டீனில் வாங்கும் ரோல்ஸை அதோடு சேர்த்தால் 300 தாண்டிவிடும். சீனியை ஒரே நாளில் நிறுத்தாமல், மூன்றை இரண்டாக்கி ஒரு மாதம், இரண்டை ஒன்றாக்கி ஒரு மாதம் என்று குறைத்தால் நாக்கு பழகிக்கொள்ளும்.

என் வீட்டில் உண்மையில் மாறியது பானைதான். மூன்று பேருக்கு மூன்று சுண்டு அரிசி போடுவது எங்கள் பழக்கம். தட்டில் நான் குறைத்தேன், பானையில் குறைக்கவில்லை. இரவு ஒன்பதரைக்குப் பானை கழுவப் போகும்போது அடியில் இரண்டு பிடி சோறு மிச்சம் இருக்கும். சோற்றைக் கொட்ட மனம் வராது. சிங்க் அடியில் நின்று, மிச்ச மீன்குழம்பைப் பானைக்குள்ளேயே ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவேன். தட்டில் போடாததால் அது என் கணக்கில் வருவதே இல்லை. எத்தனை வருடம் அப்படிச் சாப்பிட்டேன் என்று தெரியாது. ஒருநாள் சுண்டை இரண்டாகக் குறைத்தோம், கூட ஒரு கீரை வறை, கொஞ்சம் பருப்பு. முதல் கிழமை அவருக்கும் மகனுக்கும் முகம் சரியில்லை. பிறகு ஒருவரும் கேட்கவில்லை. உங்கள் வீட்டுப் பானையை யார் கழுவுகிறார் என்று பாருங்கள்.

நடப்பதற்கு உங்களுக்குக் கடலோர மரைன் டிரைவ் இருக்கிறது. நாளுக்கு அரை மணி, கிழமைக்கு ஐந்து நாள், 150 நிமிடம் ஆகிவிடும். முழங்கால் நொந்தால் பத்து நிமிடமாகப் பிரித்து நடங்கள். ஐந்தரைக்குப் பிறகு வெயில் தணிந்திருக்கும், தெஹிவளைப் பக்கம் போகிற ரயில் ஆட்களைத் தொங்கவிட்டுக்கொண்டு உங்களைத் தாண்டிப் போகும். யாரும் உங்களைப் பார்ப்பதில்லை. பார்ப்பார்கள் என்ற பயத்தில் நான் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே நடந்தேன், அந்த எட்டு மாதக் கடல் எனக்கு நட்டம்.

அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. உடம்பு நிறையில் பரம்பரைக்குப் பெரிய பங்கு உண்டு, அவருடைய வார்த்தையில் ஒரு தாயின் ஆறுதலும் இருக்கிறது. ஆனால் ஏழு கிலோவைப் பரம்பரை தடுக்காது. அவரிடம் போய் 97 என்று சொல்லுங்கள். 54 என்றபோது பயந்தவர், 97 என்றால் கீரை வாங்கி வருவார்.

டொக்டரிடம் திரும்பவும் போங்கள், வேறு டொக்டர் என்றாலும் சரி. தைரொயிட் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் எடுக்கும் மாத்திரைகளில் ஏதாவது நிறையைக் கூட்டுகிறதா என்று கேளுங்கள். உங்கள் சுட்டெண் 42 அளவில் இருக்கிறது. இந்த அளவில் ஊசியைப் பற்றியும் நிறை குறைக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றியும் வைத்தியரோடு பேசுவது முற்றிலும் நியாயம், அதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஒரு வருடம் இப்படி முயன்று போதாவிட்டால் அதைப் பேசுங்கள். முழங்கால் பொறுக்காவிட்டால் இப்போதே பேசுங்கள். 35 வயது தாண்டிய பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுவநாரி கிளினிக்கில் சீனி, பிரஷர் எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். அங்கே நிறை பார்க்கும்போது, “எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டுங்கள்” என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நான் இன்றும் சொல்கிறேன்.

நிறையைக் கிழமைக்கு ஒருநாள், காலையில், ஒரே மெஷினில் பாருங்கள். உப்புக் கூடினாலும் மாதவிடாய் நெருங்கினாலும் ஒன்றிரண்டு கிலோ ஏறி இறங்கும், அந்தக் கிழமை எண்ணை எழுதிவிட்டு விட்டுவிடுங்கள். மாதம் ஒருமுறை தையல் நாடாவால் இடுப்பை அளந்து பக்கத்தில் எழுதுங்கள். மெஷின் அசையாத மாதங்களில் நாடா சில வேளை அசைந்திருக்கும்.

ஆறு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். 97 வந்திருந்தாலும் எழுதுங்கள், 101இல் நின்றாலும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா